முதல் இடம்

கணவர் மாரப்பனின் நினைவிலிருந்து, செத்துப்போன மூத்த மனைவி தமயந்தியை நீக்கச் சொன்னவள் பூங்கோதைதான். "மூலத்துலயே அழிச்சிருங்க. நகலெல்லாம் வேண்டாம்" என்று மருத்துவமனையில் அடித்துச் சொன்னாள்.

வீடு திரும்பியவர் ஆசையாகப் பாகற்காய் வதக்கி வைத்தார். "உனக்கு உசுராச்சே, புள்ள."

அது தமயந்திக்குப் பிடித்தது. பூங்கோதைக்கு வாடையே ஆகாது.

"மலைக்கோயில்ல மழையில நனைஞ்சுட்டே எனக்குத் தாலி கட்டுனீங்களே, ஞாபகம் இருக்குதுங்களா?"

"மழையா? நம்ம கல்யாணம் கோபியில, மண்டபத்துல, ஊரே கூடி நடந்துச்சே!"

பதறிப்போய் மருத்துவமனைக்குப் பேசினாள். "ஒருத்தர எடுத்தா அடுத்தவங்க அந்த இடத்துக்கு நகர்ந்துருவாங்கம்மா. பழையபடி மாத்த நகல் வேணுமே" என்றார்கள்.

பூங்கோதை தட்டின் முன் உட்கார்ந்து, பாகற்காயை மென்று விழுங்கினாள்.

மாரப்பன் பூரித்துப்போனார். "கல்யாணத்தன்னைக்கு இருந்த மாதிரியே இருக்கற, புள்ள."