காதோரத்து மச்சம்

தெருவில் திரிந்த நாயை யாரோ கிளினிக்கில் விட்டுப்போக, அதற்கு ஒரு தையல்காரம்மாவும் ஒரு தரகரும் சொந்தம் கொண்டாடினார்கள். நாய் இருவருக்கும் வாலாட்டியது. டாக்டருக்கு இருவர் மேலும் சந்தேகம்.

“ஏதாவது அடையாளம் சொல்லுங்க.”

தையல்காரம்மா திணறினாள். “அப்படி ஒண்ணும் இல்லீங்க. உடம்பெல்லாம் ஒரே வெள்ளை.”

வந்ததிலிருந்து நாயின் தலையை வாஞ்சையாகத் தடவிக்கொண்டிருந்த தரகர் சொன்னார்: “இடது காதுக்குப் பின்னாடி மச்சம் இருக்கும். பிறந்ததுலேருந்து இருக்கு.”

டாக்டர் முடியை விலக்கினார். மிளகு போலக் கறுப்பாக இருந்தது.

தையல்காரம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. “போன வாரம் குளிப்பாட்டினப்போ இது இல்லீங்க.”

“சொந்த நாயா இருந்தா தெரிஞ்சிருக்கும்” என்றார் தரகர்.

டாக்டர் லென்ஸ் வைத்து நிதானமாகப் பார்த்தார். பிறகு இடுக்கியை எடுத்தார்.

“மச்சத்தைப் பிடுங்காதீங்க டாக்டர், புண்ணாயிடும்” என்றார் தரகர்.

“மச்சமா இருந்தா தொடவே மாட்டேன் சார்.”

தோலை ஒட்டிப் பிடித்து மெல்ல இழுத்து, வெள்ளைத் தட்டில் வைத்தார். அது எட்டுக் கால்களையும் அசைத்தது. தெருவில் திரிந்தபோது ஏறிய உண்ணி.

“தடவும்போது கையில தட்டுப்பட்டிருக்கும், இல்லையா?”

தரகர் நாயின் தலையிலிருந்து கையை எடுத்தார். டாக்டர் நாயைத் தையல்காரம்மாவிடம் கொடுத்துவிட்டு, தட்டைத் தரகர் பக்கம் நகர்த்தினார்.

“நாய் அவங்களுது. இதை நீங்க எடுத்துட்டுப் போங்க. பிறந்ததுலேருந்து தெரியும்னீங்களே.”