நன்றியுரைக்கு முன்

லத்தி பிடித்துப் பழகிய கைக்கு ஊக்கு பிடிக்க வரவில்லை. ஆண்டாளின் நீலப் புடவையில் மெடலைக் குத்த முடியாமல் இன்ஸ்பெக்டர் திணறிக்கொண்டிருந்தார்.

மேடையோரத்தில் ஹார்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்து நான் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன்.

ஆண்டாள் எங்கள் பள்ளிக்கூடத்துப் பெண். நான் மெட்டுப் போட்ட இசை நாடகத்தில், கல்வராயன் மலையிலிருந்து பாடிக்கொண்டே இறங்கி வரும் ஆறாக நடித்தவள். நாடகப் போட்டி நடுவர்கள் சிறந்த குழந்தை நடிகை விருது அவளுக்குத்தான் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்கள்.

அந்த வாரம் முழுக்க இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். கள்ளக்குறிச்சிக்கு வரும் ரோடுகளில் எல்லாம் புளியமரங்கள் குறுக்கே விழுந்து கிடந்தன. பரிசு கொடுக்க வேண்டிய பெரிய அதிகாரி உளுந்தூர்பேட்டையோடு திரும்பிவிட்டார். நடுவர்கள் மட்டும் முன்னாடியே வந்து லாட்ஜில் மாட்டிக்கொண்டதால் போட்டி நடந்தது.

ஆபத்துக்குப் பாவமில்லை என்று, மரம் வெட்டியவர்களைத் தேடி ஜீப்பில் அலைந்துகொண்டிருந்த இன்ஸ்பெக்டரையே தலைமையாசிரியர் மடக்கிக் கூட்டிவந்து தலைமை விருந்தினராக்கிவிட்டார். கூடவே வந்த இரண்டு கான்ஸ்டபிள்கள் கதவருகே நின்று, கொடுத்த கலரைக் குடித்தார்கள்.

மறியல் நியாயமா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? எனக்கு இருந்த ஒரே கவலை ஆண்டாள். லீவுக்கு விடுதியிலிருந்து ஊருக்குப் போனவள் ரிஷிவந்தியம் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டாள். அவள் வராவிட்டால் ஆறு இல்லை. ஆறு இல்லாவிட்டால் எனக்கு நாடகமும் இல்லை.

முதல் மணி அடிக்கும்போது வாசலில் வந்து நின்றாள், அப்பா தங்கதுரையின் தோளில் உட்கார்ந்துகொண்டு.

அந்த மனுஷன் விடிவதற்கு முன்னாலேயே கிளம்பியிருக்கிறார். மரம் குறுக்கிட்ட இடத்திலெல்லாம் சைக்கிளை ஒரு தோளிலும் பெண்ணை ஒரு தோளிலும் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கியிருக்கிறார். சட்டை முழுக்கக் கிளை கிழித்திருந்தது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் கூச்சப்பட்டுக்கொண்டு கதவோரம் போய்விட்டார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

அப்படி வந்தவள்தான் பாடினாள். தூக்கமில்லாத கண்ணோடு, கணுக்காலில் சிராய்ப்போடு, ஒரு அடி தப்பாமல். நானே அழுதுவிட்டேன்.

ஊக்கு ஒருவழியாக ஏறியது. எல்லோரும் கைதட்டினார்கள். அந்தச் சந்தோஷத்தில் இன்ஸ்பெக்டர் மைக்கை அவள் உயரத்துக்கு இறக்கி, எல்லா ரோடும் அடைத்துக் கிடக்கிறதே, நீ எப்படிம்மா வந்தே என்று கேட்டார்.

"எங்கப்பா தூக்கினு வந்தாரு சார். கும்மிருட்டுல கூட எங்கயும் இடிச்சிக்கல. எந்த மரம் எங்க கெடக்குதுன்னு அவருக்கு எல்லாம் தெரியும்."

பெருமையாகத்தான் சொன்னாள். கதவோரம் கையை நீட்டி, அதோ நிற்கிறார் என்று காட்டவும் செய்தாள்.

யாரோ சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். கான்ஸ்டபிள்கள் மெதுவாகத் திரும்பித் தங்கதுரையைப் பார்த்தார்கள். அவர் மகளையும் மெடலையும் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது.

விடுதியில் சேர்க்க வந்த அன்று, இவள் நிறையப் படிக்க வேண்டும் டீச்சர் என்று சொன்னவர் அவர். அதற்காகத்தான் ரோட்டில் இறங்கியிருப்பார். அதே பெண்ணுக்காகத்தான், தானே வெட்டிப்போட்ட மரங்களை ஏறித் தாண்டி வந்திருக்கிறார். இப்போது என் நாடகத்தால் ஜெயிலுக்குப் போகப்போகிறார், அதுவும் பெற்ற பிள்ளை வாயாலேயே.

அடுத்து நன்றியுரை. தலைமையாசிரியர் தாளைப் பிரித்துக்கொண்டு எழுந்தார்.

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. துருத்தியை அழுத்தி, தேசிய கீதத்தை வாசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

மொத்தக் கூட்டமும் எழுந்து நின்றது. கான்ஸ்டபிள்கள் கலர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு விறைத்தார்கள். இன்ஸ்பெக்டர் சல்யூட் அடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். ஆண்டாள் மெடலோடு கணீரென்று பாடினாள்.

போய்யா, போய்த் தொலை என்று மனசுக்குள் கத்திக்கொண்டே நான் வாசித்தேன்.

தங்கதுரை போகவில்லை. கையைத் தொடையோடு ஒட்டவைத்து, நெஞ்சை நிமிர்த்தி, அவரும் ஆடாமல் அசையாமல் நின்றார். தேசிய கீதம் பாடும்போது எப்படி நடந்து போவது என்று நினைத்திருப்பார், பாவி மனுஷன். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

வாசித்து முடித்தேன். விரலைக் கட்டையிலிருந்து எடுக்கத் தைரியம் வரவில்லை. ஒரு கான்ஸ்டபிள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு தங்கதுரை பக்கம் காலை எடுத்து வைத்தார்.

இன்ஸ்பெக்டர் சல்யூட் அடித்த கையை இறக்கவில்லை. கண்ணையும் திறக்கவில்லை.

"சுருதி சேரல டீச்சர். இன்னொருக்கா வாசிங்க."

கான்ஸ்டபிள் நின்ற இடத்திலேயே மறுபடி விறைத்தார்.

சுருதி சேர்ந்துதான் இருந்தது. என் ஹார்மோனியத்தை இப்படி யாராவது குறை சொன்னால் நான் சும்மா விடுகிற ஆளில்லை. அன்றைக்கு அவர் காலில் விழுந்து கும்பிடலாம் போலிருந்தது. கண் கலங்கி, கட்டைகள் எல்லாம் ஒன்றாகத் தெரிந்தன. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன், கொஞ்சம் மெதுவாகவே.

இந்த முறை தங்கதுரைக்கும் புரிந்தது.