அடைக்கோழிக்கு ஆகாத சத்தம்

அழகியநம்பி பாய்ந்து போய், பக்கத்து வீட்டுப் பொன்னம்மையின் உலக்கையை அந்தரத்திலேயே பிடித்துக்கொண்டார்.

“இடிக்காதீங்க மைனி! எங்க கோழி அடையில இருக்கு. நாளைக்குப் பொரிச்சிரும்.”

“அதுக்கு நான் மாவு இடிக்கப்பிடாதா?”

“போன அடை, வானம் இடிச்ச சத்தத்துல அத்தனையும் கூமுட்டையாப் போச்சுல்லா!”

அடுத்து, எதிர்வீட்டில் பாத்திரம் தட்டிக்கொண்டிருந்தவரின் சுத்தியலைப் பிடுங்கி இடுப்பில் செருகினார். கூவிக்கொண்டு வந்த மீன்காரியிடம் கைகூப்பினார். தெருவே கப்சிப்.

வெற்றியோடு வீட்டுக்குள் நுழைந்தால், மனைவி முத்தாரம்மாள் கோழியும் முட்டையுமாகக் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டிருந்தாள். இடிக்குக் காவலாக உள்ளே இரும்புத் துண்டும் கரியும் வேறு.

“எங்கட்டி போற?” என்று கிசுகிசுத்தார்.

“நேமம் ஊருக்கு, எங்க அக்கா வீட்டுக்கு.”

“கடைசி நேரத்துல அடையை அசைக்கப்பிடாது! தெருவையே அடக்கிட்டேன். இனி எவன் சத்தம் போடுவான்?”

முத்தாரம்மாளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தலையில் கூடை குலுங்கியது, கோழி கொக்கரித்தது. ஆணியில் தொங்கிய அவருடைய சிப்பாய்த் தலைப்பாகையைக் கண்ணால் காட்டினாள்.

“இன்னைக்கு மகாராஜா பிறந்தநாளு, மறந்தாச்சா? உச்சி நேரத்துல கோட்டைப் பீரங்கியெல்லாம் வெடிக்க வைக்கப்போறது நீங்கல்லா!”