ஏழாம் நம்பர் மைக்ராஸ்கோப்

சரக்... சரக்... சரக்...

தேர்வுக்கூடத்துக்குப் பக்கத்து அறையிலிருந்து சத்தம் வந்துகொண்டே இருந்தது.

உள்ளே லேப் டெக்னீஷியன் சக்கரத்தைச் சுற்றி மெழுகுக் கட்டியைச் சீவிக்கொண்டிருந்தார். மெழுகில் புதைத்த தசை, சீவச் சீவ மெல்லிய நாடாவாக நீண்டு வெந்நீர்த் தொட்டியில் மிதந்தது. அதைக் கண்ணாடித் துண்டில் ஒட்டிச் சாயமேற்றினால் ஸ்லைடு. இருபது வருஷமாக இதே வேலை. கண்ணை மூடினாலும் நாடாக்கள்தான் மிதக்கும். மருத்துவ மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் மெழுகு அண்ணன்.

கதவு படாரென்று திறந்தது.

"நிறுத்துங்க" என்றார் பேராசிரியை. "சட்டைப் பையில என்ன?"

"ஒண்ணுமில்லை மேடம்."

"சீட்டுக் குலுக்கினதுல அந்தப் பொண்ணுக்கு ஏழாம் நம்பர் மைக்ராஸ்கோப் விழுந்தது. உடனே ஓடிப்போய் அதுல இருந்த ஸ்லைடை மாத்தினீங்க. என் கண்ணால பார்த்தேன்."

அவர் ஸ்லைடை எடுத்து நீட்டினார்.

"அவ உங்களுக்கு என்ன உறவு?"

"உறவெல்லாம் இல்லை மேடம்."

"உறவில்லாமலா இவ்வளவு கரிசனம்? கஷ்டமானதை எடுத்துட்டு சுலபமானதை வச்சிருக்கீங்க. உங்க வேலையும் போகும், அவ படிப்பும் போகும்."

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது மேடம். என் வேலை போனாப் போகட்டும்."

பேராசிரியை ஸ்லைடை மேசையிலிருந்த மைக்ராஸ்கோப்பில் வைத்துக் குனிந்தார்.

கை கால் தசை என்றால் கோடுகள் நேராக ஓடும்; அது நாம் சொன்னால் கேட்கும். குடல் தசையில் கோடே கிடையாது. அது பாட்டுக்கு வேலை செய்யும், நம்மைக் கேட்காது. இது இரண்டுமில்லை. இளஞ்சிவப்பில் கோடு போட்ட இழைகள் கிளை பிரிந்து, மறுபடி ஒன்றோடொன்று கை கோத்து, சாயங்கால ஆறு மணல் திட்டுகளைச் சுற்றி ஓடுவதுபோல... வந்த கோபமே அவருக்கு ஒரு கணம் மறந்துவிட்டது.

"இதயத் தசை. சரி, அங்கே இப்ப வச்சிருக்கிறது?"

"அதுவும் இதயம்தான் மேடம்."

"இதயத்தை எடுத்துட்டு இன்னொரு இதயமா! யார்கிட்ட காது குத்தறீங்க?"

ஸ்லைடின் ஓரத்தில் இருந்த எண்ணைத்தான் டெக்னீஷியன் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்தொன்று.

பேராசிரியை அலமாரியிலிருந்து உடல் தானப் பதிவேட்டை உருவிப் புரட்டினார்.

'41. ஆண். வயது 52. ஒப்புதல் கையெழுத்து: மகள்.'

அந்தக் கையெழுத்தை அவர் அரை மணி நேரத்துக்கு முன்புதான் பார்த்திருந்தார். தேர்வு வருகைத்தாளில், ஏழாம் நம்பருக்கு நேராக.

வாசலில் ஒரு முகம் எட்டிப் பார்த்தது.

"மேடம், எழுதி முடிச்சுட்டேன். இதயத் தசைதானே? அண்ணே, ஸ்லைடு அவ்வளவு அழகா இருந்துது. எழுந்திரிக்கவே மனசு வரலை."

"சந்தோஷம்மா" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

அவள் போனதும் பேராசிரியை பதிவேட்டை மூடினார். நாற்பத்தொன்றாம் ஸ்லைடை ஒரு துணியில் சுற்றி, டெக்னீஷியனின் சட்டைப் பையிலேயே மெதுவாகத் திரும்ப வைத்தார்.

"யாரு உங்களை நிறுத்தச் சொன்னது? வேலையைப் பாருங்க அண்ணே."

சரக்... சரக்... சரக்...