சட்டென்று ஒரு பதில்

வேப்பம்பட்டிலிருந்து, கப்பலுக்கு ஆள் பதியும் ஆவடி முகாம்வரை நடந்ததில் கெங்கம்மாளுக்குக் கால் வீங்கிவிட்டது.

"குமாஸ்தா கேட்டா முழிக்காதே. சட்டுனு சொல்லிடு" என்றான் கூட வந்த செங்கல்வராயன்.

புருஷன் பெண்டாட்டியாக வந்தால்தான் பினாங்குக் கப்பலில் இடம். அங்கே போய்விட்டால் அவனுக்கு ரப்பர் தோட்டத்தில் வேலை. அவளுக்கு மருத்துவச்சிப் படிப்பு.

"எந்த ஊரும்மா?" என்றார் குமாஸ்தா.

"வேப்பம்பட்டு."

"கண்ணாலம் ஆயி?"

"மூணு வருசம்."

"புருசன் பேரு?"

அத்தனை களைப்பிலும் சட்டென்று சொன்னாள். "செங்கல்வராயன்."

குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தார். "காலைலேர்ந்து வந்த பொம்பளைங்க ஒருத்தியும் புருசன் பேரை வாயால சொல்லல. பக்கத்துல நின்னவனைத்தான் பார்த்தாங்க. நெசமா, இவன் உனக்கு இன்னா ஆவணும்?"

கெங்கம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"திரும்ப அம்மாந்தூரம் நடக்கணுமா, அண்ணாத்தே?" என்றாள் செங்கல்வராயனைப் பார்த்து.