சந்தனம் காய்ந்த சர்வர்

கிட்டே வாங்க கண்ணுங்களா, சென்னைக்குப் பக்கத்து ஒரகடத்தில் நடந்த ஒரு காலைக் கதை சொல்கிறேன். ஆயுத பூஜைக்கு மறுநாள், திங்கட்கிழமை. பிரேக் பாகம் செய்யும் தொழிற்சாலையில், ஃபோர்க்லிஃப்ட் நசுக்கிய எலுமிச்சம்பழம் இன்னும் மணக்கிறது. லைன் ஓரத்து லினக்ஸ் கணினியின் முன்னால் சத்யப்பிரியா நிற்கிறாள். சர்வரிலிருந்து பகிர்ந்து வரும் ஃபோல்டர் காலியாக இருக்கிறது. ஒரு வருஷத்துச் சோதனைக் கோப்புகளில் ஒன்றுகூட இல்லை. அவள் கான்ட்ராக்ட் தொழிலாளி, கோப்பு போனால் வேலையும் போகும். "இன்னாம்மா, கற்பூரத்தோட சேர்த்து ஃபைலையும் கொளுத்திட்டியா?" என்கிறார் சூப்பர்வைசர் இளம்பரிதி. "இருங்க சார், பாக்குறேன்" என்றபடி சர்வர் இருக்கும் கண்ணாடி அறைக்குள் பார்க்கிறாள். சர்வரின் பட்டன்மேல் சந்தனம் காய்ந்திருக்கிறது. பக்கத்தில் பச்சை விளக்கு எரிகிறது, சர்வர் இப்போது ஓடுகிறது. "சார், பூஜைக்கு எல்லாத்தையும் நிறுத்தி வெச்சிருந்தோம். காலைல ராகு காலத்துக்கு முன்னாடி லைனைப் போடுன்னு வெரட்டுனீங்களே! இந்தக் கம்ப்யூட்டரை மொதல்ல போட்டுட்டோம். அப்போ சர்வர் எழுந்திருக்கவே இல்ல. இது சர்வரைத் தேடிப் பார்த்துட்டு, கெடைக்காம, அதோட சேராமலே நின்னுகினு கீது." மறுபடி இணைக்கும் கட்டளையை அடித்து எண்டரைத் தட்டுகிறாள். கர்சர் துடிக்கிறது. இளம்பரிதியும் திரைப்பக்கம் குனிகிறார். ஒரு கோப்பின் பெயர் வருகிறது, பிறகு மற்றவையும் சரசரவென்று திரை நிறைய இறங்குகின்றன. அவள் திரையை உள்ளங்கையால் ஒருமுறை தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். போய்விட்டதென்று நீங்கள் பதறுவதெல்லாம், கண்ணுங்களா, உங்கள் வீட்டிலும் இப்படி வைத்த இடத்திலேயே பத்திரமாக இருக்கட்டும்.