நாற்பது நொடி

"அந்த ஆளு இன்னா சொன்னாலும் ஆமான்னு சொல்லிடு சைலஸ். நாப்பத்தஞ்சு வருஷம் கழிச்சு நம்ம பாட்டை ரெக்கார்டா போடறேன்னு வர்றாரு. வாய விட்டுக் கெடுத்துடாதே" என்று டிரம்ஸ் வாசு முன்பே எச்சரித்திருந்தார்.

தங்கச் சுரங்க ஊரான மாரிகுப்பத்தில், சைலஸ் வீட்டில் இருவருக்கும் எதிரே நாற்காலியில் அமர்ந்து, பெங்களூரு விமர்சகர் ரோஹன் அவர்களுடைய பழைய டேப்பின் பதிவைப் போனில் ஓடவிட்டார். சர்ச் ஹாலில் பதிவான இருபது நிமிட ராக் பாட்டு. அந்தக் காலத்தில் ஒரு கல்யாண வீட்டில் வாசித்தபோது, சாப்பாடு இறங்கவில்லை என்று பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

"இந்தத் தாளம் நாகரிகத்தின் மீதான விசாரணை, இல்லையா?"

"ஆமா சார்" என்றார் சைலஸ்.

"இந்த கிதார், மனிதனின் அந்நியமாதல்?"

"அதேதான் சார்." பதிவன்று கிதாரில் ஒரு கம்பி அறுந்திருந்ததை அவர் சொல்லவில்லை.

பதினோராவது நிமிடத்தில் பாட்டு சட்டென்று நின்றது. ரோஹன் கண்களை மூடிக்கொண்டார்.

"நாற்பது நொடி மௌனம். இதுதான் சூன்யம். சரிதானே?"

சைலஸ் தலையாட்டுவதற்குள் வாசு முந்திக்கொண்டார்.

"இல்ல சார். அப்ப சுரங்கத்துல பாறை வெடிச்சு ஹாலே ஆடுச்சு. எங்கப்பா கீழ ஷிப்டுல இருந்தாரு. யாருக்காவது ஆபத்துன்னா சங்கு ஊதுவாங்க. ஊதறாங்களான்னு காதைக் குடுத்துட்டு நின்னோம்."

ரோஹன் கண்களைத் திறந்தார். "அப்புறம்?"

போனில் டிரம்ஸ் வெடித்துக் கிளம்பியது, தாளம் தப்பி, தலைகால் புரியாமல்.

"ஊதல சார்" என்றார் வாசு.